மூளை அறுவையின் முன்னோடி ஹார்வி குஷிங்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது எழுதப் படிக்கத் தெரியாதவரும் சொல்லும் பழமொழி. அச்சிரசினுள் இருக்கும் மூளையோ நெடுங்காலம் மருத்துவன் கை படாத கோட்டையாகவே இருந்தது. கையில் வந்த கட்டியைக் கீறலாம். மண்டைக்குள் வந்த கட்டிக்கு மருந்தும் இல்லை, மருத்துவனும் இல்லை என்ற நிலையே 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நிலவியது. துணிந்து திறந்து பார்த்தோரும் சிலர் இருந்தனர். 1879ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் மெக்கெவன் என்னும் மருத்துவர் ஒரு சிறுமியின் மூளை உறையில் இருந்த கட்டியை எடுத்தார். அச்சிறுமி அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்தாள். ஆயினும் அவை அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்த அற்புதங்களே. அற்புதத்தை அன்றாட மருத்துவமாக மாற்றிய பெருமை அமெரிக்கரான டாக்டர் ஹார்வி வில்லியம்ஸ் குஷிங் அவர்களையே பெரிதும் சாரும். மூளை உறையில் தோன்றும் கட்டிக்கு மெனிஞ்சியோமா என்று பெயர் சூட்டியவரும் இவரே. அன்னாரின் வாழ்க்கையை என் சக மாணவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் கல்வியும்

குஷிங் 1869ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். உடன்பிறந்தோர் பதின்மருள் இவரே கடைக்குட்டி. தந்தை மருத்துவர், பாட்டனார் மருத்துவர், பாட்டனாரின் தந்தையும் மருத்துவர். யேல் பல்கலைக்கழகத்தில் 1891இல் பட்டம் பெற்று, ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் 1895இல் படிப்பை முடித்தார்.

குலத்தொழில் கல்லாமற் பாகம் படும் என்பார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே இவர் பிறந்த சூழலைப் படித்தபோது, இத்தகையோர் பெரியவராவதில் என்ன வியப்பு என்றுதான் எனக்குத் தோன்றியது. தொடர்ந்து படிக்கப் படிக்க அந்த எண்ணம் மாறிற்று. அவரைப் பெரியவராக்கியது மூன்று தலைமுறைச் சொத்தன்று. ஒரு பென்சிலும் ஒரு தாளும், உள்ளதை உள்ளபடி எழுதும் துணிவும்தான்.

ஈதர் அட்டை

மாணவராக இருந்தபோதே அவருக்கு ஒரு பேரிடி விழுந்தது. அக்காலத்தில் அறுவைக்கு முன் ஈதர் என்னும் மயக்க மருந்தைக் கொடுக்கும் பொறுப்பு, போதிய பயிற்சி இல்லாத மாணவர்களிடமே விடப்பட்டது. அவ்வாறு குஷிங் ஈதர் கொடுத்த நோயாளி ஒருவர் அறுவை மேசையிலேயே இறந்து போனார். மருத்துவப் படிப்பையே விட்டுவிடலாமா என்று எண்ணும் அளவுக்கு இளைஞர் மனம் உடைந்தார்.

ஆனால் விடவில்லை. அவரும் உடன்பயின்ற எர்னஸ்ட் ஆமரி காட்மனும் யார் நன்றாக மயக்கம் கொடுப்பது என்று தம்முள் பந்தயம் கட்டிக்கொண்டனர். அறுவை நடக்கும்போதே நோயாளியின் நாடித் துடிப்பையும் மூச்சின் எண்ணிக்கையையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓர் அட்டையில் குறித்து வந்தனர். இன்று எந்த ஊர் மருத்துவமனையில் அறுவை நடந்தாலும் மயக்க மருத்துவர் ஒரு தாளில் எண்களைக் குறிப்பதைக் காணலாம். அத்தாளின் மூதாதை அந்த அட்டைதான்.

பால்டிமோரும் ஐரோப்பாவும்

1896இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் பேராசானிடம் சேர்ந்தார். விரைவைவிட நிதானமே உயிர் காக்கும். திசுவை மென்மையாகக் கையாள வேண்டும். ஒவ்வொரு இரத்தக் குழாயையும் கட்டி நிறுத்திய பின்னரே அடுத்த அடி வைக்க வேண்டும். ஹால்ஸ்டெட்டின் இந்தப் பாடம் மூளைக்கு மிகவும் பொருந்தியது. வில்லியம் ஆஸ்லர் என்னும் புகழ்பெற்ற மருத்துவரின் நட்பும் அங்கே கிட்டியது.

1900இல் ஐரோப்பா சென்றார். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கோஹரிடமும், இங்கிலாந்தின் லிவர்பூலில் ஷெரிங்டனிடமும் இருந்து கற்றார். மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் உடலின் இரத்த அழுத்தமும் உடன் ஏறும் என்பதை ஆய்வால் விளக்கினார். இத்தாலியின் பாவியா நகரில் ரிவா-ரோச்சி என்பவர், கையில் சுற்றிக் காற்றடைத்து இரத்த அழுத்தம் அளக்கும் கருவியை வைத்திருந்தார். குஷிங் 1901இல் அதைப் படம் வரைந்து கொண்டு வந்து ஜான்ஸ் ஹாப்கின்ஸில் புகுத்தினார். ஈதர் அட்டையில் மூன்றாவது எண்ணும் ஏறியது.

1902இல் காதரைன் குரோவெல் என்னும் அம்மையாரை மணந்தார். மக்கள் ஐவர். ஆனால் குடும்பத்தின் சுமை முழுவதும் அவ்வம்மையாரின் தோள்மீதே இருந்தது. குஷிங் வீட்டில் இருந்த நேரம் குறைவு; இருந்தபோதும் எழுதிக்கொண்டே இருப்பார். உடன் பணிபுரிந்தோரிடம் கடுமையானவர். சிறு பிழையையும் பொறுக்காதவர். பெரியவர் என்பதற்காக இக்குறைகளை மறைப்பது முறையன்று.

தளபதி வுட்டின் கதை

குஷிங்கின் வாழ்க்கையில் மறக்க முடியாத நோயாளி லெனார்டு வுட். அவரே மருத்துவம் படித்தவர், பின்னர் படைத்தலைவரானவர், கியூபாவின் ஆளுநராக இருந்தவர். கியூபாவில் இருந்தபோது தலையில் அடிபட்டார். அதன்பின் சில ஆண்டுகளில் இடது பாதத்தில் தொடங்கும் வலிப்பும் இடது காலில் தளர்ச்சியும் தோன்றின. உடலின் இடப்பக்கத்தை மூளையின் வலப்பக்கம் ஆள்கிறது என்பதும், காலுக்குரிய பகுதி உச்சந்தலையின் நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது என்பதும் நாம் பாடத்தில் படித்தவையே. எக்ஸ்ரேயில் மூளை தெரியாத அக்காலத்தில், இத்தகைய குறிகளைக் கொண்டே மருத்துவர்கள் கட்டியின் இடத்தைக் கணித்தனர்.

1910ஆம் ஆண்டு பால்டிமோரில் குஷிங் அவருக்கு அறுவை செய்தார். நடுக்கோட்டை ஒட்டி மூளையின் கழிவு இரத்தத்தைச் சுமந்து செல்லும் பெரிய நாளம் ஒன்று உண்டு. அதன் அருகே கத்தி வைப்பது தேன்கூட்டின் அருகே கை வைப்பது போன்றது. ஆகவே சில நாள் இடைவெளி விட்டு இரு கட்டங்களாக அறுவை நடந்தது. கட்டி வெளியே வந்தது. அதே ஆண்டிலேயே வுட் அமெரிக்கத் தரைப்படையின் தலைமைத் தளபதியானார்! 1920இல் குடியரசுத் தலைவர் தேர்தலுக்குத் தம் கட்சியின் வேட்பாளராக முயலும் அளவுக்கு உயர்ந்தார். 1921 முதல் பிலிப்பைன்ஸ் தீவுகளின் தலைமை ஆளுநராக இருந்தார். மூளைக்கட்டி என்றால் மரணம் என்று நம்பிய உலகம் மூக்கில் விரலை வைத்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கட்டி மெல்ல மெல்ல மீண்டும் வளர்ந்தது. 1927இல் வுட் மறுபடியும் குஷிங்கிடம் வந்தார். அப்போது குஷிங் பாஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் தலைமை அறுவை மருத்துவர். 1927 ஆகஸ்டு மாதம் நடந்த அறுவைக்குப் பின் மூளைக்குள் இரத்தம் கசிந்து, 7ஆம் நாள் வுட் உயிர் நீத்தார். தம் பெரிய வெற்றி 17 ஆண்டுகள் கழித்துத் தம் கையிலேயே தோல்வியாக முடிந்ததைக் குஷிங் மூடி மறைக்கவில்லை. பின்னாளில் எழுதிய நூலில் வுட்டின் நோய்க் கதையை விரிவாகப் பதிவு செய்தார்.

கட்டிக்குப் பெயர் சூட்டல்

மூளையைச் சுற்றி டியூரா மேட்டர், அரக்னாய்டு, பயா மேட்டர் என மூன்று உறைகள் உண்டு. இவ்வுறைகளிலிருந்து தோன்றும் கட்டியை அக்காலத்தில் ஒவ்வொருவர் ஒவ்வொரு பெயரால் அழைத்தனர். எந்த வகைச் செல்லிலிருந்து தோன்றுகிறது என்பதில் அறிஞர்களுக்குள் உடன்பாடில்லை. 1922இல் இலண்டனில் ஆற்றிய உரையில் குஷிங் எளிய வழியொன்றைக் காட்டினார். செல்லைப் பற்றிய வழக்கு ஒருபுறம் நடக்கட்டும். கட்டி இருக்கும் இடத்தைப் பெயராக்கிவிடலாம் என்பதே அது. உறைகளைக் குறிக்கும் மெனிஞ்சஸ் என்ற சொல்லிலிருந்து மெனிஞ்சியோமா பிறந்தது. நூறாண்டு கடந்தும் அப்பெயரே வழங்குகிறது. நடு உறையான அரக்னாய்டின் செல்களிலிருந்து இக்கட்டி தோன்றுகிறது என்பதே இன்றைய அறிவியலின் முடிவு.

இக்கட்டியில் ஒரு விந்தை உண்டு. இது மூளைக்குள் தோன்றுவதன்று. வெளியிலிருந்து மூளையை அழுத்துவது. பெரும்பாலும் மிக மெதுவாக வளர்வது. ஆகவே முழுவதும் எடுத்துவிட்டால் நோயாளி பிழைத்து நெடுங்காலம் வாழ முடியும். ஆனால் இரத்தக் குழாய்கள் நிறைந்தது. எடுக்கும்போதே உயிரைக் குடிக்க வல்லது. இந்த முரண்பாடே குஷிங்கை வாழ்நாள் முழுவதும் ஆட்டி வைத்தது.

மின்சாரக் கத்தி

இரத்தப் பெருக்கை நிறுத்த 1911இல் சின்னஞ்சிறு வெள்ளிக் கவ்விகளைக் கண்டுபிடித்தார். முதல் உலகப் போரின்போது பிரான்சில் காயமுற்ற வீரர்களுக்கு மூளை அறுவை செய்தார். 1917இல் சுமார் மூன்று மாத காலத்தில், இத்தகைய அறுவையில் இறந்தோர் விழுக்காடு ஏறத்தாழ 54இலிருந்து 29ஆகக் குறைந்தது. அதுவும் அவர் எழுதி வைத்த கணக்கால்தான் நமக்குத் தெரிகிறது.

1926ஆம் ஆண்டு இன்பமும் துன்பமும் கலந்து வந்தது. ஆஸ்லரின் வாழ்க்கை வரலாற்றை இரு தொகுதிகளாக எழுதியதற்கு அவ்வாண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. சூன் மாதத்தில் மூத்த மகன் வில்லியம் மோட்டார் விபத்தில் மாண்டார். விடியற்காலையில் செய்தி வந்தது. மனைவியிடம் அதைச் சொல்லிவிட்டு, அன்று செய்வதாக இருந்த அறுவையைச் செய்து முடித்த பின்னரே மகனின் உடலைக் காணப் புறப்பட்டார். கடமை வீரர் என்பர் சிலர். கல்நெஞ்சர் என்பர் சிலர். மேசையில் காத்திருந்த நோயாளி என்ன சொல்லியிருப்பார் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், வில்லியம் போவி என்பவர் உருவாக்கிய மின்கருவியைக் குஷிங் முதன்முதலாக அறுவையில் பயன்படுத்தினார். மிக விரைவாகத் திசை மாறும் மின்னோட்டம் திசுவை வெட்டும். இரத்தக் குழாயை உறையவும் வைக்கும். இரத்தப் பெருக்கால் சில நாட்களுக்கு முன் பாதியில் நிறுத்த நேர்ந்த கட்டியை இக்கருவியால் எடுக்க முடிந்தது. உடனே குஷிங், முடியாது என்று தாம் முன்பு திருப்பி அனுப்பிய நோயாளிகளை மீண்டும் வரவழைத்தார். இயற்பியல் வகுப்பில் மாறுதிசை மின்னோட்டம் படிக்கும் நண்பர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

கறுப்பு நோட்டு

குஷிங்கின் கதையில் லூயிஸ் ஐசன்ஹார்ட் என்னும் அம்மையாரைச் சொல்லாமல் விடலாகாது. 1915இல் எழுத்துப் பணியில் உதவியாளராகச் சேர்ந்தவர். வேலை செய்துகொண்டே மருத்துவம் பயின்று 1925இல் டாக்டரானார். மூளைக்கட்டித் திசுக்களைக் கண்டறிவதில் தலைசிறந்த நிபுணரானார். குஷிங் செய்த அறுவைகளின் முடிவுகளை, யார் பிழைத்தார், யார் இறந்தார் என்று ஒரு சிறிய கறுப்பு நோட்டில் எழுதி வந்தவர் இவரே. குஷிங்கின் பெயரால் அமைந்த மூளை அறுவை மருத்துவர் சங்கத்துக்கு 1938இல் இவர் தலைவரானார். எழுத்தராக நுழைந்த பெண்மணி தலைவராக வீற்றிருந்த அக்காட்சி, முதல் தலைமுறையாகப் படிக்க வந்திருக்கும் நம் கல்லூரி மாணவியருக்கு ஊக்கம் தர வேண்டும்.

1931 ஏப்ரலில் குஷிங் தமது 2000ஆவது மூளைக்கட்டி அறுவையைச் செய்தார். அடுத்த ஆண்டு அந்த 2000 கட்டிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலின் தலைப்பிலேயே இறப்பு விழுக்காடு என்ற சொல் இடம்பெற்றிருந்தது! தம் சாதனை நூலின் முகப்பிலேயே சாவின் கணக்கைப் போட்டுக்கொண்டவர் வேறு யாருளர்? முற்காலத்தில் பெருவாரியாக இருந்த அறுவை இறப்பு அவர் கையில் நூற்றுக்குப் பத்துக்கும் கீழே வந்திருந்தது. நோயாளிகள் ஆண்டுதோறும் தமக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். 1938இல் குஷிங்கும் ஐசன்ஹார்ட்டும் இணைந்து வெளியிட்ட மெனிஞ்சியோமா நூல், 313 நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து எழுதப்பட்டது.

இன்றைய சிகிச்சை முறைகள்

இங்கே என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. பீடி சுற்றும் என் பெரியம்மா சென்ற ஆண்டு படியில் தவறி விழுந்தார். மருத்துவமனையில் தலையை ஸ்கேன் எடுத்தபோது, அடிபட்டதற்குச் சம்பந்தமே இல்லாமல், மூளை உறையில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு மெனிஞ்சியோமா இருப்பது தெரிந்தது. இப்போது அறுவை வேண்டாம், இடைவெளி விட்டு மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். வீட்டில் ஒரே அழுகை. டாக்டர் கைவிரித்து விட்டார், பணம் இல்லாதவர்கள் என்று திருப்பி அனுப்புகிறார் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் இருந்த அறிக்கையைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. அதன் பொருளைத் தேடி நூலகத்துக்குச் சென்றபோதுதான் குஷிங் எனக்கு அறிமுகமானார். நான் படித்து வீட்டில் விளக்கியவற்றை இங்கும் தருகிறேன்.

முதலாவது, காத்திருந்து கவனித்தல். இது கைவிடுவதன்று, இதுவும் ஒரு சிகிச்சை முறையே. சிறியதாய், தொல்லை தராததாய் இருக்கும் கட்டிகளுள் பல, ஆண்டுக்கணக்கில் வளராமலே இருக்கும். குறித்த காலத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். குறித்த நாளில் தவறாமல் போவது நம் பொறுப்பு.

இரண்டாவது, அறுவை. கட்டி பெரிதானாலும், வளர்ந்தாலும், வலிப்பு, பார்வை மங்கல், கை கால் தளர்ச்சி முதலியவை தோன்றினாலும் இதுவே முதன்மை வழி. டொனால்டு சிம்ப்சன் என்னும் மருத்துவர் 1957இல், கட்டியோடு அது ஒட்டியிருந்த உறையையும் எலும்பையும் எந்த அளவுக்கு நீக்கினர் என்பதை ஐந்து படிகளாகப் பிரித்தார். மிச்சம் எவ்வளவோ அவ்வளவுக்கு மீண்டும் வளரும் வாய்ப்பு என்பது அவர் கண்ட உண்மை. வுட்டின் கதை உணர்த்தியதும் இதுவே. ஆனால் மண்டையின் அடித்தளத்தில், பார்வை நரம்பையும் பெரிய இரத்தக் குழாய்களையும் கட்டி சுற்றியிருந்தால், ஒரு பகுதியை வேண்டுமென்றே விட்டுவிடுவதே அறிவுடைமை.

மூன்றாவது, கதிர்வீச்சு. லார்ஸ் லெக்செல் என்னும் சுவீடன் மருத்துவர் 1951இல், மண்டையைத் திறக்காமலே பல திசைக் கதிர்களை ஒரே புள்ளியில் குவிக்கும் முறையை வகுத்தார். 1968இல் ஸ்டாக்ஹோமில் காமா நைஃப் என்னும் கருவி செயலுக்கு வந்தது. பெயரில்தான் கத்தி இருக்கிறது, வெட்டு இல்லை. சிறிய கட்டிக்கும் அறுவைக்குப் பின் மிஞ்சிய பகுதிக்கும் இது பயன்படும். பெரிய பரப்புக்குச் சில வாரங்கள் சிறு சிறு அளவாகக் கதிர்வீச்சு தருவார்கள். கட்டியை மறையச் செய்வதைவிட வளராமல் தடுப்பதே இதன் முதல் நோக்கம்.

மருந்தைப் பொறுத்தவரை, வீக்கத்தைக் குறைக்கவும் வலிப்பைத் தடுக்கவும் மாத்திரைகள் உண்டு. கட்டியையே கரைக்கும் மருந்து என்று உறுதிப்பட்டது எதுவும் இல்லை. அப்படி விற்பவரிடம் ஏமாறக் கூடாது. எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் பார்த்து மூன்று தரமாகப் பிரிக்கின்றனர். ஐந்தில் நான்கு பங்கு முதல் தரம், அதாவது சாதுவானவை. மூன்றாம் தரம் புற்றுத்தன்மை உடையது. அதற்கு அறுவையுடன் கதிர்வீச்சும் தேவை. ஆண்களைவிடப் பெண்களுக்கு இக்கட்டி அதிகம் வருகிறது. தலையில் அடிபடுவது காரணமாகலாம் என்று குஷிங் கருதினார். இன்று உறுதியாகத் தெரிந்த காரணங்கள், இளமையில் தலைக்குப் பெற்ற கதிர்வீச்சும், 22ஆம் குரோமோசோமில் உள்ள என்.எஃப்.2 என்னும் ஜீனின் பழுதும் ஆகும்.

இறுதி நாட்களும் குருவழியும்

இடைவிடாத புகைப்பழக்கம் குஷிங்கின் கால்களின் இரத்த ஓட்டத்தைக் கெடுத்தது. பிறர் உயிரைக் காத்தவர் தம் உடலைக் காக்கவில்லை. 1932இல் பிட்யூட்டரிச் சுரப்பியால் வரும் ஒரு நோயை விளக்கினார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அடுத்த ஆண்டு யேல் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். 1939 அக்டோபர் 7ஆம் நாள், தம் 70ஆவது வயதில் மாரடைப்பால் மறைந்தார். இறந்தபின் ஆராய்ந்தபோது, அவர் மூளைக்குள்ளேயே ஒரு சிறு கட்டி இருந்தது தெரிந்தது. அது அவருக்குத் தீங்கு செய்யாமலே இருந்திருக்கிறது.

குஷிங்கிடம் பயிற்சி பெற்றவர்களுள் ஒருவர் வைல்டர் பென்ஃபீல்டு. அவர் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நிறுவிய நிலையத்தில் பயின்றவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. அவர் 1949இல் நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் மூளை நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் இத்துறையைத் தொடங்கி, ஏழை எளியவர்க்கும் மூளை அறுவை கிட்டச் செய்தார். பாஸ்டனில் ஏற்றிய விளக்கின் ஒளி, குருவழியாக நம் பாலாற்றங்கரை வரை வந்து சேர்ந்தது.

முடிவுரை

குஷிங் சேர்த்து வைத்த நூற்றுக்கணக்கான மூளை மாதிரிகள், நோயாளிகளின் புகைப்படங்களோடு, யேல் பல்கலைக்கழகத்தில் 2010 முதல் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு கண்ணாடிக் குடுவையும் ஒரு மனிதரின் கதை.

இன்று ஒரு மருத்துவர் நோயாளியிடம் காத்திருக்கலாம் என்றோ, அறுவை வேண்டும் என்றோ துணிந்து சொல்கிறார் என்றால், அத்துணிவு முன்னே போனவர்களின் கணக்கிலிருந்து பிறந்தது. அக்கணக்கில் பிழைத்தோர் மட்டும் இருந்திருந்தால் அது விளம்பரமாகப் போயிருக்கும். இறந்தோரும் இருந்ததால்தான் அறிவியலாயிற்று. மாணவ நண்பர்களே! நம் செய்முறை ஏட்டில் விடை சரியாக வரவில்லை என்றால் எண்ணை மாற்றி எழுதும் வழக்கம் எங்கும் உண்டு. அடுத்த முறை அழிப்பானை எடுக்குமுன் அந்தக் கறுப்பு நோட்டை ஒருகணம் நினைப்போமாக.